மெயில் சர்வருக்குக் கிளஸ்டரா, விர்ச்சுவலா? இரண்டோடும் குடித்தனம் நடத்தியவளின் ரிவ்யூ

என்னிடம் ஒரு நீல அட்டை நோட்டு இருக்கிறது. மெயில் நின்ற ஒவ்வொரு தடவையும் அதில் நாலு விஷயம் எழுதுவேன். எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை மணிக்கு வந்தது, ஏன், முதலில் போன் போட்டது யார். 16 வருடமாக எழுதுகிறேன். அந்த நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். என் ஞாபகத்தை நான் நம்புவதில்லை. நடுராத்திரியில் நடந்தது எதுவும் காலையில் நினைத்துப் பார்த்தால் கொஞ்சம் வீரமாகத்தான் தெரியும்.

இந்த வருடங்களில் ஒரே ஒரு எக்ஸ்சேஞ்ச் சர்வரை, அதாவது மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வரை, விஎம்வேர் ஹெச்ஏ (ஹை அவைலபிலிட்டி) மேல் ஒரு விர்ச்சுவல் மெஷினாக, சுருக்கமாக விஎம்மாக, ஓட்டியிருக்கிறேன். இரண்டு தனி இரும்புப் பெட்டிகளில் எக்ஸ்சேஞ்சின் டேட்டாபேஸ் அவைலபிலிட்டி குரூப், அதாவது டேட்டாபேஸின் பிரதியை ஒன்றுக்கு மேற்பட்ட சர்வரில் வைக்கும் கிளஸ்டர், ஓட்டியிருக்கிறேன். அதை எல்லோரும் டிஏஜி என்போம், இங்கும் அப்படியே சொல்கிறேன். பிறகு இரண்டையும் கலந்து, விஎம்முக்குள் டிஏஜி. நடுவில் வேறு ஒரு வேலையில் லினக்ஸ் மெயில் மென்பொருள்களான போஸ்ட்ஃபிக்ஸும் டவ்காட்டும். "எது நல்லது, ஒரே வார்த்தையில் சொல்லுங்க" என்று கேட்கும் மேனேஜர்களுக்கு இந்த ரிவ்யூ உதவாது. என்ன உடைந்தால் எது காப்பாற்றும் என்று தெரிந்துகொள்ள நினைக்கிறவர்கள் மேலே படிக்கலாம்.

முதலில் ஒரு விஷயம். இதைச் சொல்லாமல் ஆரம்பித்தால் எல்லோரும் தேவைக்கு மேல் பயந்து தேவைக்கு மேல் வாங்குவார்கள். மெயில் பொறுமையான சாதனம். உங்கள் சர்வர் கதவைத் திறக்காவிட்டால் அனுப்புகிறவர் பக்கத்து சர்வர் அந்தக் கடிதத்தைத் தன் கியூவிலேயே வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பத் தட்டும். மெயில் பரிமாற்ற விதிகளைச் சொல்லும், 2008 அக்டோபரில் வந்த ஆர்எஃப்சி 5321, குறைந்தது 4, 5 நாளாவது முயற்சி செய்யாமல் கைவிடக் கூடாது என்கிறது. போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பு அமைப்பும் 5 நாள்தான். ஆகவே ராத்திரி 2 மணி நேரம் சர்வர் கிடந்தால் வர வேண்டிய கடிதம் தொலையாது, தாமதமாக வரும். நாம் காப்பாற்ற வேண்டியது கதவை இல்லை, உள்ளே இருக்கும் பெட்டிகளை. அதாவது டேட்டாபேஸை. இந்த வித்தியாசம் மனதில் பதிந்துவிட்டால் கிளஸ்டரா விர்ச்சுவலா என்ற கேள்வியே வேறு மாதிரி தெரியும்.

விர்ச்சுவலில் தொடங்குகிறேன், என் குடித்தனமும் அங்கேதான் தொடங்கியது.

மூன்று ஹோஸ்ட் (விஎம்களைத் தாங்கும் நிஜ சர்வர்), ஒரு பொது ஸ்டோரேஜ், அதன் மேல் ஒற்றை மெயில் விஎம். ஒரு ஹோஸ்ட் செத்தால் மற்ற ஹோஸ்ட் அதைக் கண்டுபிடித்து அந்த விஎம்மைத் தன் மேல் மறுபடி பூட் செய்யும். இவ்வளவுதான் ஹெச்ஏ. "மறுபடி பூட்" என்ற சொல்லை விற்பனைக்கு வருகிறவர்கள் வேகமாகச் சொல்லிக் கடந்துவிடுவார்கள், நீங்கள் கடக்காதீர்கள். விஎம் அப்படியே தாவிப் போவதில்லை. ஓடிக்கொண்டிருந்த மெஷினின் கரண்ட் வயரைப் பிடுங்கி இன்னொரு இடத்தில் செருகியதும் இதுவும் ஒன்றுதான்.

நோட்டில் அந்த நாள் இருக்கிறது. காலை 11:40, ஒரு ஹோஸ்டின் மதர்போர்டு போனது. 2 நிமிடத்துக்குள் விஎம் வேறு ஹோஸ்டில் எழுந்துவிட்டது. கைதட்டினோம். பிறகு விண்டோஸ் எழுந்தது, எக்ஸ்சேஞ்ச் சர்வீஸ்கள் ஒவ்வொன்றாக முனகிக்கொண்டு எழுந்தன, டேட்டாபேஸ் டர்ட்டி ஷட்டவுனில், அதாவது ஒழுங்காக மூடப்படாமல், இருந்ததால் லாக்குகளை (மாற்றங்களைக் குறித்துவைக்கும் ஃபைல்களை) ஓட்டி முடித்த பிறகுதான் மவுண்ட் ஆனது, அதாவது திறந்தது. முதல் ஆள் அவுட்லுக்கில் புது மெயிலைப் பார்த்தபோது மணி 11:54. 14 நிமிடம். நான் பக்கத்தில்கூடப் போகவில்லை, எதையும் தொடவில்லை. அதற்காக இன்றைக்கும் அந்த ஹெச்ஏவுக்கு நன்றி சொல்வேன். ராத்திரி தூங்கவிடும் தொழில்நுட்பங்கள் குறைவு.

இன்னொரு சுகம், ஹோஸ்டுக்கு ராம் போட வேண்டும், ஃபர்ம்வேர் ஏற்ற வேண்டும் என்றால் பட்டப்பகலில் விஎம்மை விமோஷனில், அதாவது ஓடும்போதே இடம் மாற்றும் வசதியில், பக்கத்து ஹோஸ்டுக்கு நகர்த்திவிட்டு வேலையைப் பார்க்கலாம். யாருக்கும் தெரியாது. இது மட்டும் இல்லாவிட்டால் எத்தனை ஞாயிற்றுக்கிழமை போயிருக்குமோ.

இனி குறை. ஹெச்ஏவுக்குத் தெரிந்தது இரும்பு. மெயில் என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது. ஒரு மத்தியானம் எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி வந்து நின்றான். "அக்கா, எல்லா விஎம்மும் பச்சையா இருக்கு. மெயில் மட்டும் வரல." போய்ப் பார்த்தால் மெயில் டேட்டாபேஸைக் கையாளும் இன்ஃபர்மேஷன் ஸ்டோர் சர்வீஸ் தொங்கிக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் நலம், விஎம்முக்குள் இருந்து உயிரோடிருப்பதாகச் சிக்னல் அனுப்பும் விஎம்வேர் டூல்ஸ் ஒழுங்காகத் துடிக்கிறது, ஹோஸ்ட் நலம், மானிட்டர் முழுக்கப் பச்சை. ஹெச்ஏவின் பார்வையில் எல்லாம் சொர்க்கம். 47 நிமிடம் என்று நோட்டில் எழுதியிருக்கிறேன், அதில் 30 நிமிடம் "பச்சையாத்தானே இருக்கு" என்று, மெயில் நின்றதை நாங்களே நம்பாமல் இருந்த நேரம். விஎம் மானிட்டரிங் என்று ஒரு வசதி உண்டு, ஆனால் அது பார்ப்பதும் டூல்ஸின் துடிப்பைத்தான். ஸ்டோர் செத்துக் கிடப்பது அதன் கண்ணில் படாது.

விஎம்வேரின் ஃபால்ட் டாலரன்ஸ் போட்டால் இதுவும் தீருமே என்று ஒருவர் வாதாடினார். தீராது. அது ஓடும் விஎம்முக்கு அச்சு அசல் நிழல் ஒன்றை இன்னொரு ஹோஸ்டில் ஓட்டுவது. ஹோஸ்ட் போனால் ஒரு நொடிகூட விடாமல் நிழல் எடுத்துக்கொள்ளும், உண்மைதான். ஆனால் உள்ளே ப்ளூ ஸ்கிரீன் வந்தால் நிழலிலும் அதே ப்ளூ ஸ்கிரீன். 2009-ல் விஎம்வேரின் விஸ்பியர் 4-ல் அறிமுகமானபோது 1 விசிபியு (விர்ச்சுவல் சிபியு) விஎம்முக்கு மட்டும், 2015-ல் விஸ்பியர் 6-ல் 4 வரை. மெயிலுக்கு இது சரியான கருவி என்று எனக்கு எப்போதும் தோன்றியதில்லை.

அடுத்த குறைதான் பெரியது. எத்தனை ஹோஸ்ட் வைத்தாலும் டேட்டாபேஸ் ஒன்றுதான், ஒரே ஸ்டோரேஜில். அந்த ஸ்டோரேஜ் ஒரு பக்கத்தைத் தப்பாக எழுதிவிட்டால் மூன்று ஹோஸ்டும் அந்தத் தப்பான பக்கத்தைத்தான் விசுவாசமாகத் திறக்கும். எனக்கு -1018 வந்தது. எக்ஸ்சேஞ்ச் பார்த்தவர்களுக்கு அந்த எண் போதும். மற்றவர்களுக்காகச் சொன்னால், டேட்டாபேஸின் ஒரு பக்கத்தைப் படித்தபோது செக்சம் பொருந்தவில்லை, அதாவது அடியில் இருக்கும் டிஸ்க்கு நம்மிடம் பொய் சொல்கிறது. பக்கத்துப் பிரதி என்று எதுவும் இல்லை. பேக்கப்பிலிருந்து ரீஸ்டோர், மேலே லாக் ஓட்டு. மாலை 6-க்கு ஆரம்பித்து மறுநாள் காலை 5-க்கு முடிந்தது. ஹெச்ஏ அந்த ராத்திரி முழுக்கப் பச்சையாக இருந்தது.

ஸ்னாப்ஷாட்டைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விஎம் கையில் இருந்தால் பேட்ச் போடுவதற்கு முன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொள்ளலாம், சொதப்பினால் பின்னே போய்விடலாம் என்று கை அரிக்கும். மெயில் சர்வரில் செய்யாதீர்கள். பின்னே போனால் நடுவில் வந்து டெலிவரி ஆன மெயில் எல்லாம் காற்றோடு போச்சு. அனுப்பியவர் சர்வர் தன் கடமை முடிந்தது என்று எப்போதோ கியூவைக் காலி செய்திருக்கும். எக்ஸ்சேஞ்சுக்கு விஎம் ஸ்னாப்ஷாட்டை மைக்ரோசாஃப்டும் ஆதரிப்பதில்லை.

சரி, கிளஸ்டர்.

பழைய ஆட்களுக்குக் கிளஸ்டர் என்றாலே ஒரு கசப்பு இருக்கும், நியாயமானதுதான். எக்ஸ்சேஞ்ச் 2003 காலத்துக் கிளஸ்டர் என்பது இரண்டு சர்வர், நடுவில் ஒரே டிஸ்க்கு. டிஸ்க்கு போனால் இரண்டு பேரும் சேர்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அந்தக் கிளஸ்டரையும் இன்றைய விஎம் ஹெச்ஏவையும் பக்கத்தில் வைத்தால் நான் யோசிக்காமல் விஎம்மை எடுப்பேன். பலவீனம் இரண்டுக்கும் ஒன்றே, விஎம்மில் வேலை குறைவு. கதை மாறியது எக்ஸ்சேஞ்ச் 2007-ல். லாக் ஃபைலை 5 எம்பியிலிருந்து 1 எம்பியாகச் சுருக்கி, அதைப் பக்கத்து சர்வருக்கு நகல் அனுப்பி அங்கே ஓட்டும் முறை வந்தது. 2010-ல் அது டிஏஜி ஆகி 16 சர்வர் வரை நீண்டது, பொது டிஸ்க்குக் கிளஸ்டர் ஒரேயடியாக விடைபெற்றது. ஆகவே "கிளஸ்டர் எல்லாம் அந்தக் காலம்" என்று யாராவது சொன்னால் எந்தக் கிளஸ்டரைச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

டிஏஜியில் பெட்டி இரண்டு, டிஸ்க்கு இரண்டு, டேட்டாபேஸ் பிரதி இரண்டு. ஒரு பக்கம் ஸ்டோர் செத்தால் மறுபக்கம் மவுண்ட் ஆகும். எங்களுக்குப் பெரும்பாலும் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். கேஷ்டு மோடில், அதாவது மெயிலின் நகலைத் தன் கம்ப்யூட்டரிலேயே வைத்து, அவுட்லுக் ஓட்டுகிறவருக்கு ஓரத்தில் ஒரு நொடி "டிஸ்கனெக்டட்" என்று வந்து போயிருக்கும், அவ்வளவே. நோட்டில் இப்படிப்பட்ட பதிவுகளில் நாலாவது கட்டம், அதாவது போன் போட்டது யார் என்ற கட்டம், காலியாகவே இருக்கிறது. எனக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது.

ஸ்டோரேஜ் பொய் சொன்னால்? 2010-லிருந்து டிஏஜி தன் பிரதியில் கெட்டுப்போன பக்கத்தை இன்னொரு பிரதியிலிருந்து தானே வாங்கி ஒட்டிக்கொள்ளும். எனக்கு 11 மணி நேரம் ஆன அதே -1018 கதை, டிஏஜி வந்த பிறகு ஒரு நாள் ஈவெண்ட் லாகில் ஒரு வரியாக வந்தது. பக்கம் சரி செய்யப்பட்டது. அந்த வரியை பிரிண்ட் எடுத்து நோட்டில் ஒட்டியிருக்கிறேன். சிரிக்க வேண்டாம்.

ஆனால் நான் டிஏஜிக்கு மார்க் போடுவது ஃபெயில்ஓவருக்காக இல்லை. பேட்சுக்காக. என் நோட்டை எண்ணிப் பார்த்தால் மெயில் நின்ற நேரத்தில் பெரும் பங்கு எதுவும் உடைந்ததால் வந்ததே இல்லை. நாங்களே நிறுத்தியது. அப்டேட், ரீஸ்டார்ட், மறுபடி அப்டேட். ஒற்றை விஎம்முக்கு இதில் ஹெச்ஏவால் 1 நிமிடம்கூட மிச்சம் இல்லை, உள்ளே விண்டோஸ் ரீஸ்டார்ட் ஆனால் மெயில் நிற்கத்தான் செய்யும். 99.9 சதவீதம் என்று மேனேஜ்மெண்டுக்கு எழுதிக் கொடுத்தால் வருடத்துக்கு 8 மணி 46 நிமிடம் கையில் இருக்கிறது. ஒழுங்காக மாதாமாதம் பேட்ச் போடுகிற ஒற்றை சர்வர் அதைத் தானே தின்றுவிடும்.

2021 மார்ச் 2-ஆம் தேதியை எக்ஸ்சேஞ்ச் பார்த்த யாரும் மறக்க மாட்டார்கள். ப்ராக்ஸிலாகன் என்ற பாதுகாப்பு ஓட்டைக்கு அவசரப் பேட்ச் வந்த நாள். உலகம் முழுக்க ஆட்கள் அந்த ஓட்டை வழியே நுழைந்துகொண்டிருந்தார்கள், ராத்திரி வரை காத்திருக்க முடியாது. நாங்கள் முதல் முனையை (கிளஸ்டரில் ஒரு சர்வர்தான் ஒரு முனை) மெயிண்டெனன்ஸில் போட்டு, டேட்டாபேஸை எல்லாம் மறுபக்கம் தள்ளி, பேட்ச் ஏற்றி, ரீஸ்டார்ட் செய்து, டேட்டாபேஸைத் திரும்ப இழுத்து, அடுத்த முனைக்குப் போனோம். வேலை நேரத்தில். மேல் மாடியில் இருந்தவர்கள் மெயில் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அதே நாளில் ஒற்றை விஎம் வைத்திருந்த என் பழைய சகா, "இப்ப நிறுத்தட்டுமா, 7 மணிக்கு நிறுத்தட்டுமா" என்று அனுமதிக்காக அறை அறையாக அலைந்துகொண்டிருந்தார்.

இப்போது டிஏஜியின் மறுபக்கம். இதில் இரண்டு பள்ளங்களில் நானே விழுந்திருக்கிறேன், தப்பு என்னுடையதுதான்.

ஒன்று, லாக். டிஏஜியில் எல்லாப் பிரதிகளும் ஓட்டி முடிக்காத வரை பழைய லாக் அழியாது, பேக்கப் எடுத்தாலும் அழியாது. நியாயமான ஏற்பாடுதான், பின்தங்கிய பிரதி எழுந்து வந்தால் அதற்கு அந்த லாக் வேண்டும். ஒரு நீண்ட விடுமுறைக்கு முன் இரண்டாவது முனையில் ஏதோ டிஸ்க்குத் தகராறு. "முதல் முனை நல்லாத்தானே ஓடுது, வந்து பார்த்துக்கலாம்" என்று அதை அணைத்துவிட்டுப் போனேன். மூன்றாம் நாள் காலை, நன்றாக ஓடிக்கொண்டிருந்த முதல் முனையின் லாக் டிரைவ் நிறைந்து டேட்டாபேஸ் டிஸ்மவுண்ட் ஆனது. 1 எம்பி, 1 எம்பியாக, லட்சம் ஃபைலுக்கு மேல். காப்பாற்ற வந்தவனே கழுத்தைப் பிடித்த கதை. ஒற்றை சர்வராக இருந்திருந்தால் அது நின்றே இருக்காது. செத்த பிரதியை உடனே சரிசெய்ய முடியாவிட்டால் அந்தப் பிரதியையே டிஏஜியிலிருந்து நீக்கிவிட வேண்டும், பிறகு புதிதாகச் சீட் செய்துகொள்ளலாம், அதாவது முழுப் பிரதியையும் மறுபடி நகலெடுக்கலாம். இதை அன்று காலை 8 மணிக்குக் கற்றேன்.

இன்னொன்று, ஓட்டு, அதாவது வாக்கு. இரண்டு முனை டிஏஜிக்கு மூன்று ஓட்டு. முனைக்கு ஒன்று, விட்னஸ் என்று ஒரு ஃபைல் சர்வரில் இருக்கும் ஃபோல்டருக்கு ஒன்று. மூன்றில் இரண்டு கையில் இருந்தால்தான் ஓடும். நெட்வொர்க் துண்டானால் இரண்டு பக்கமும் "நான்தான் ராஜா" என்று கிளம்பாமல் இருக்க இந்த ஏற்பாடு. விஎம்முக்குள் டிஏஜிக்கு மாறியபோது ஹோஸ்ட் ஒன்றில் முதல் முனை, ஹோஸ்ட் இரண்டில் இரண்டாவது முனை என்று கச்சிதமாகப் பிரித்தேன். விட்னஸ் இருந்த ஃபைல் சர்வரை மறந்தேன். அதுவும் ஒரு விஎம், அதுவும் ஹோஸ்ட் இரண்டில். அந்த ஹோஸ்ட் போன நாள் ஒரே அடியில் இரண்டு ஓட்டு காலி. உயிரோடு, முழு டேட்டாபேஸோடு, பழுதில்லாமல் இருந்த முதல் முனை, பெரும்பான்மை இல்லை என்று தன் டேட்டாபேஸைத் தானே மூடிக்கொண்டு உட்கார்ந்தது. அதற்கு மேல்தான் வேடிக்கை. காப்பாற்றியது விஎம் ஹெச்ஏ! விட்னஸ் விஎம்மை அது ஹோஸ்ட் ஒன்றில் பூட் செய்தது, ஓட்டு இரண்டானது, டேட்டாபேஸ் மவுண்ட் ஆனது. 9 நிமிடம். எந்த விஎம் வேண்டாம் என்று டிஏஜிக்குப் போனேனோ அதுவே வந்து கைகொடுத்தது.

இப்படிக் கலந்து ஓட்டுவது சரியா என்று இன்னும் கேட்கிறார்கள். முன்பு மைக்ரோசாஃப்ட் இதை ஆதரிக்கவில்லை. 2011 மே மாதம், எக்ஸ்சேஞ்ச் 2010 எஸ்பி1-லிருந்து, டிஏஜி முனையை ஹைப்பர்வைசரின் (விஎம்களை ஓட்டும் மென்பொருளின்) ஹெச்ஏவோடும் விமோஷன் மாதிரியான லைவ் மைக்ரேஷனோடும் சேர்த்து ஓட்டலாம் என்று மாற்றினார்கள். நகரும்போது விஎம்மின் நிலையை டிஸ்க்கில் சேமித்து மீட்கக் கூடாது என்பது நிபந்தனை. நான் கடைசியில் நிலைத்தது இந்தக் கலவையில்தான். ஆனால் சும்மா இறக்கிவிட்டால் கடிக்கும்.

எங்களைக் கடித்தது இப்படி. மெயில் விஎம்முக்கு 96 ஜிபி ராம். வேலை நேரத்தில் விமோஷனில் நகர்த்தினால் மெமரி மாறிக்கொண்டே இருக்கும், கடைசி மாற்றத்தில் விஎம் சில நொடி உறையும். அந்தக் கால விண்டோஸ் கிளஸ்டர் நொடிக்கு ஒரு துடிப்பு அனுப்பி, தொடர்ந்து 5 தவறினால் ஆள் போய்விட்டான் என்று முடிவுகட்டும். விஎம் பத்திரமாகத்தான் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. அதற்குள் டேட்டாபேஸ் எல்லாம் மறு முனைக்கு ஓடிவிட்டது. ஹைப்பர்வைசருக்கு அது வெற்றி, கிளஸ்டருக்கு அது மரணம், யாரிடமும் தப்பில்லை. துடிப்பு இடைவெளியை 2 நொடியாக்கினேன், விமோஷனுக்குத் தனி நெட்வொர்க் கொடுத்தேன், பிறகு அமைதி. விண்டோஸ் சர்வர் 2016-ல் அந்த 5 இயல்பாகவே 10 ஆகிவிட்டது, ஆகவே புதிதாகப் போடுகிறவர்களுக்கு இந்த அடி அவ்வளவாக விழாது. இரண்டு முனையும் ஒரே ஹோஸ்டில் சேரக் கூடாது என்ற ஆன்ட்டி அஃபினிட்டி ரூலும் கட்டாயம். இல்லையென்றால் லோடு சமன் செய்கிறேன் என்று, விஎம்களைத் தானே இடம் மாற்றும் டிஆர்எஸ் ஒருநாள் ராத்திரி இருவரையும் ஒரே கட்டிலில் படுக்கவைத்துவிடும்.

லினக்ஸ் பக்கம் சுருக்கமாகச் சொல்கிறேன், அங்கே நான் 3 வருடம்தான் இருந்தேன். போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட், கீழே மூன்று மெஷினில் விஎம்வேர் மாதிரி விஎம்களை ஓட்டும் ப்ராக்ஸ்மாக்ஸ். ஒரு மெஷின் போனால் கண்டுபிடித்து எழுப்ப 2 நிமிடம் என்று அவர்கள் ஆவணமே சொல்கிறது, எங்களுக்கும் அப்படித்தான் ஆனது. லினக்ஸ் சீக்கிரம் பூட் ஆவதால் ஒற்றை விஎம் முறை இங்கே எக்ஸ்சேஞ்சைவிட நன்றாகவே பொருந்துகிறது. ஒரு எச்சரிக்கை. பொது ஸ்டோரேஜ் இல்லாமல் இசட்எஃப்எஸ் ரெப்ளிகேஷன் (விஎம்மின் டிஸ்க்கை மற்ற மெஷினுக்கு நகலெடுப்பது) வைத்திருந்தால் அது ஒத்திசைவாக நடப்பதில்லை, இயல்பு இடைவெளி 15 நிமிடம். விஎம் எழும்போது கடைசிக் கால்மணி நேர மெயில் இல்லாமல் எழும். குறைத்தால் 1 நிமிடம் வரை குறைக்கலாம், அப்போதும் அந்த 1 நிமிடம் போனது போனதுதான்.

எனக்கு முன் அங்கே இருந்தவர் டிஸ்க்கை நகலெடுக்கும் டிஆர்பிடியும் கிளஸ்டரை நடத்தும் பேஸ்மேக்கரும் வைத்து இரண்டு முனைக் கிளஸ்டர் கட்டியிருந்தார். அழகான வேலை, ஒரே குறை, ஃபென்சிங் இல்லை. எதிர் முனையைக் கரண்டோடு அணைத்துவிட்டுத்தான் டிஸ்க்கைத் தொட வேண்டும், அதற்குத்தான் ஸ்டானித் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். "அதை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டிருந்தார். நடுவில் ஒரு கேபிள் தளர்ந்தது, இரண்டு முனையும் தன்னையே பிரைமரி என்று அறிவித்தன, ஒரு மணி நேரம் இரண்டிலும் தனித்தனியாக மெயில் இறங்கியது. ஸ்பிளிட் பிரெய்ன் என்று படித்திருந்தேன், அன்றுதான் நேரில் பார்த்தேன். எங்களைக் காப்பாற்றியது மெயில்டிர். ஒரு கடிதத்துக்கு ஒரு ஃபைல், ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர். ஒரு பக்கத்து ஃபைல்களை ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியில் மறுபக்கம் கொட்டி, டவ்காட்டை இண்டெக்ஸ் மறுபடி கட்டச் சொன்னோம். படித்தது படிக்காதது குழம்பியது, அழித்த சில மெயில் உயிர்த்தெழுந்தது, ஆனால் ஒன்றும் தொலையவில்லை. எல்லாம் ஒரே எம்பாக்ஸ் ஃபைலாக இருந்திருந்தால் நான் அன்றே ராஜினாமா எழுதியிருப்பேன்.

டவ்காட்டின் சொந்த ரெப்ளிகேஷனை வைத்து இரண்டு முனை கட்ட நினைக்கிறவர்கள் நிதானியுங்கள். அது 2.4 பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டது. பழைய வழிகாட்டிகளைப் பார்த்து இன்று புதிதாகக் கட்டினால் நாளை மேம்படுத்த வழி இருக்காது.

இரண்டுமே கைவிட்ட நாளும் உண்டு. 2022 ஜனவரி 1. எக்ஸ்சேஞ்சின் மால்வேர் ஸ்கேனர் தேதியை 2201010001 என்று ஒரு எண்ணாகப் படிக்கப் போய், அது 2147483647 என்ற வரம்பைத் தாண்டியதால் தடுக்கி விழுந்தது. 2016, 2019 பதிப்புகளில் மெயில் கியூவிலேயே தேங்கியது. 16 முனை டிஏஜி வைத்திருந்தவரும் ஒற்றை விஎம் வைத்திருந்தவரும் அன்று ஒரே வரிசையில் நின்றார்கள். எல்லா முனையிலும் ஒரே மென்பொருள், ஒரே தேதி, ஒரே வரம்பு. அதேபோல ஒருவர் தன் பெட்டியைத் தவறுதலாகக் காலி செய்தால் டிஏஜி அந்தக் காலியையும் பொறுப்பாக மறுபக்கம் நகல் எடுத்துக் கொடுக்கும். லேக்டு காப்பி என்று 14 நாள் வரை பின்தங்கி ஓட்டும் பிரதி வைக்கலாம், வைத்திருக்கிறேன். இருந்தாலும் பேக்கப்பை நிறுத்தவில்லை.

மார்க் போடச் சொன்னால், விஎம் ஹெச்ஏ மேல் ஒற்றை சர்வருக்கு 5-க்கு 3. கவனிக்க ஒரே ஆள் இருக்கும் இடத்தில், அந்த ஆளுக்கு மெயிலோடு பிரிண்டரும் வைஃபையும் பொறுப்பு என்றால், அதே 3-ஐ 4 ஆக்கிப் படியுங்கள். கோரம் (மேலே சொன்ன ஓட்டுப் பெரும்பான்மைக் கணக்கு) புரியாதவர் கையில் டிஏஜி இருப்பது ஹெச்ஏ இல்லாததைவிட மோசம். இரும்பு மேல் டிஏஜிக்கு 4. முனைக்கு ஒரு எக்ஸ்சேஞ்ச் லைசென்ஸ், முன்னால் ஒரு லோடு பேலன்சர், அந்த லோடு பேலன்சர் ஒன்றுதான் என்றால் அது போனால் என்ன என்ற கேள்வி, எல்லாம் சேர்ந்து ஒரு மார்க்கைக் குறைக்கிறது. விஎம்முக்குள் டிஏஜி, ரூல்களோடு, விட்னஸ் மூன்றாவது ஹோஸ்டில், முனைக்கு முனை வேறு ஸ்டோரேஜ் என்று வைத்தால் நாலரை. இரண்டு முனையும் ஒரே ஸ்டோரேஜில் என்றால் நான் மார்க்கே போட மாட்டேன். அது பொது டிஸ்க்குக் கிளஸ்டர்தான், வேஷம் மட்டும் புதிது. மைக்ரோசாஃப்ட் தன் பரிந்துரையில் விர்ச்சுவலே வேண்டாம், இரும்பும் சாதா டிஸ்க்கும் போதும், பிரதி நாலு வையுங்கள் என்கிறது. நாலு பிரதிக்கு இடம் உள்ளவர்களுக்கு அது சரி. என்னிடம் இல்லை.

வாங்குவதற்கு முன் டெமோ கேளுங்கள். இரண்டு டெமோ. முதலில் ஒரு ஹோஸ்டின் கரண்ட் வயரைப் பிடுங்கச் சொல்லுங்கள், அவுட்லுக்கில் ஒரு மெயில் போய்த் திரும்பும் வரை கடிகாரத்தைப் பாருங்கள். விஎம் எழுந்ததும் நிறுத்திவிடாதீர்கள். பிறகு வயரைத் தொடாமல், விண்டோஸையும் தொடாமல், ஸ்டோர் சர்வீஸை மட்டும் உறையவைத்துவிட்டு என்ன நடக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். போன வருடம் ஒற்றை விஎம் தீர்வு விற்க வந்தவரிடம் இரண்டையும் கேட்டேன். முதலாவதைச் சிரித்துக்கொண்டே செய்து காட்டினார். இரண்டாவதைக் கேட்டதும் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார், இன்னும் திரும்பவில்லை.